வைஃபை வரவில்லையா? முதலில் யாரைத் திட்டுவது?

போனில் வைஃபை வரவில்லை. அருமை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்தை எப்படிக் கழிப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தீர்கள். இனி அந்தக் கவலை இல்லை.

இந்த நேரத்தில் சில அவசரக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். வீட்டில் இன்னொருவரின் போனை வாங்கி, அதில் வைஃபை வருகிறதா என்று பார்ப்பார்கள். வந்தால் கோளாறு நம் போனில். வராவிட்டால் கோளாறு ரூட்டர் பெட்டியிலோ, தெருவிலிருந்து வரும் லைனிலோ. அரை நிமிஷத்தில் பாதி விஷயம் தீர்ந்துபோகும். இது மிகக் கெட்ட பழக்கம். கோளாறு எங்கே என்று தெரிந்துவிட்டால், யாரால் என்று விசாரிக்க முடியாது. விசாரணை இல்லையென்றால் நம் குடும்பங்கள் ஒரே அறையில் உட்கார்ந்து பேச வேறு சந்தர்ப்பம் ஏது?

ஆகவே விதி ஒன்றே ஒன்று: கடைசிவரை இன்னொரு போனைத் தொடாதீர்கள். மற்றதைக் கீழே சொல்கிறபடி செய்யுங்கள். முக்கால்வாசியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். வரிசைதான் கொஞ்சம் முன்பின்னாக இருக்கிறது.

1. கோடுகளை நம்புங்கள்

"கோடு ஃபுல்லா இருக்கு, ஒண்ணும் வரல!" என்று வீட்டுக்கே கேட்கும்படி சொல்லுங்கள். அடுக்களையிலிருந்து "என்ன?" என்று குரல் வரும். இன்னொரு முறை சொல்லுங்கள், இப்போது கொஞ்சம் குற்றம்சாட்டும் தொனியில்.

அந்தக் கோடுகள், உங்கள் போனுக்கு ஹாலில் இருக்கும் பெட்டியின் குரல் எவ்வளவு நன்றாகக் கேட்கிறது என்று மட்டும்தான் காட்டும். பெட்டிக்கு அப்பால் இன்டர்நெட் இருக்கிறதா, தெருமுனையில் பள்ளம் தோண்டியவர்கள் வயரையும் சேர்த்துத் தோண்டிவிட்டார்களா என்பதெல்லாம் கோட்டுக்குத் தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளப் போன் தனியாக ஒரு வேலை பார்க்கிறது. வைஃபையில் சேர்ந்த உடனே ஆண்ட்ராய்டு போன் கூகுளின் ஒரு முகவரியைத் தட்டும். அங்கிருந்து 204 என்ற எண் மட்டும், வேறு ஒரு எழுத்துகூட இல்லாமல், பதிலாக வர வேண்டும். ஐபோன் ஆப்பிளின் ஒரு பக்கத்தைக் கேட்கும். 'சக்சஸ்' என்று வர வேண்டும். வராவிட்டால், 'இணைக்கப்பட்டது, இன்டர்நெட் இல்லை' என்று வைஃபை பெயருக்குக் கீழேயே போன் எழுதிவிடும்.

சின்ன எழுத்து, சாம்பல் நிறம். படிக்காதீர்கள். நம் ஊரில் சின்ன எழுத்தைப் படிப்பவர்கள் கடன் பத்திரத்தையே படித்திருப்பார்கள்.

2. அணையுங்கள், போடுங்கள், அணையுங்கள்

வைஃபை பொத்தானை அணைத்துப் போடுவது நல்ல வைத்தியம். அதனால் அதைத் தப்பாகச் செய்ய வேண்டும். ரகசியம் வேகத்தில் இருக்கிறது.

போன் பெட்டியோடு சேரும்போது இரண்டுக்கும் நடுவே ஒரு சின்னப் பேச்சுவார்த்தை நடக்கும். "யாராவது எனக்கொரு எண் கொடுங்களேன்" என்று போன் கூவும். "192.168.1.7 காலியாக இருக்கிறது, வேண்டுமா?" என்று பெட்டி கேட்கும். "அதையே கொடுங்கள்" என்று போன் சொல்லும். "எடுத்துக்கொள்" என்று பெட்டி முடிக்கும். நாலே வாக்கியம். திரையில் 'ஐபி முகவரி பெறப்படுகிறது' என்று தெரிவது இந்த நேரத்தில்தான். நீங்கள் மூன்றாவது வாக்கியத்தில் அணையுங்கள். மறுபடி போடுங்கள். மறுபடி மூன்றாவது வாக்கியம். நாலாவதுக்கு ஒருபோதும் இடம் கொடுக்காதீர்கள்.

அலுத்துவிட்டால் ஃப்ளைட் மோடுக்கு மாறுங்கள். அதே வேலைதான், ஆனால் மாமியாரின் அழைப்பும் சேர்ந்து துண்டிக்கப்படும். அதற்கும் காரணம் வைஃபைதான் என்று பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

3. போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து நடங்கள்

பெட்டியை நோக்கி அல்ல. பால்கனியை நோக்கி. மொபைல் டவருக்குப் பால்கனி சரி. வைஃபை வருவது ஹாலில் இருக்கும் பெட்டியிலிருந்து. இருந்தாலும் நம் கால்கள் பால்கனிக்குத்தான் போகும், தடுக்க வேண்டாம். மூன்று சுவர் தாண்டிப் போய் நின்று, "இங்கேயும் வரல" என்று அறிவியுங்கள்.

போகிற வழியில் பெட்டி இருக்கும் இடத்தையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். இரும்பு பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இடுக்கில் இருந்தால் உங்கள் வீட்டில் விஷயம் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். டிவிக்குப் பின்னால் என்றாலும் பரவாயில்லை. செருப்பு ஸ்டாண்டின் கீழ்த்தட்டு என்றால் கைகொடுங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலையின் நீளம் சுமார் 12.5 சென்டிமீட்டர்; 5 கிகாஹெர்ட்ஸ் அலை அதில் பாதிகூட இல்லை. கான்கிரீட் சுவர் இரண்டையும் பலவீனப்படுத்தும். இரும்பும், ரசம் பூசிய நிலைக்கண்ணாடியும் வந்த வழியே திருப்பி அனுப்பும். மீன்தொட்டித் தண்ணீர் குடித்தே விடும். இந்த நாலும் பெட்டிக்கும் படுக்கையறைக்கும் நடுவே அமையும்படி வீட்டைப் பார்த்துக் கட்டியவர் யாரோ, அவர் வாஸ்து நிபுணராகத்தான் இருக்க வேண்டும்.

மைக்ரோவேவ் அடுப்பு வேலை செய்வதும் 2.45 கிகாஹெர்ட்ஸில்தான். ஆகவே பெட்டியை அடுப்பின் தலைமேல் வையுங்கள். சாம்பார் சூடாகும்போதெல்லாம் வீடியோ நிற்கும். இரண்டுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றாது.

கடைசியாக, பெட்டி பார்க்க அசிங்கமாக இருக்கிறதே என்று பூவேலை செய்த துணி போட்டு மூடுங்கள். ஆயுத பூஜை அன்று சந்தனமும் குங்குமமும் மறக்க வேண்டாம். சூடு வெளியேறுவதற்கென்று மேலே வரிசையாகத் துளைகள் விட்டிருப்பார்கள். சரியாக அதன்மேல் வையுங்கள்.

4. 5ஜி என்று இருப்பதையே தேர்ந்தெடுங்கள்

உங்கள் பெட்டி இரண்டு பெயர்களைக் காட்டும். ஒன்றின் வாலில் '5ஜி' என்று இருக்கும். பெரியது நல்லது, அதைத் தட்டுங்கள். மொபைல் 5ஜி இந்தியாவுக்கு வந்தது 2022 அக்டோபரில். பெட்டிப் பெயரில் இருக்கும் 5 அதற்கு முன்பிருந்தே இருக்கிறது. இதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இது 5 கிகாஹெர்ட்ஸ். பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தால் வேகம், இரண்டு சுவர் தாண்டினால் மூச்சு வாங்கும். ஆகவே கடைசி அறைக்குப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, அதிலேயே சேருங்கள்.

போன் பழையது, 5 கிகாஹெர்ட்ஸ் ரேடியோவே அதில் இல்லை என்றால் அந்தப் பெயர் உங்கள் பட்டியலில் வரவே வராது. மனம் தளர வேண்டாம். "என் போனுக்கு மட்டும் யாரோ மறைச்சு வச்சிருக்காங்க" என்ற முடிவுக்கு நேராக வாருங்கள். ஆறாவது படியில் பயன்படும்.

இன்னொரு பெயரான 2.4-இல் வேறு விதமான சௌகரியம். அந்த அலைவரிசையை லைசென்ஸ் வாங்காமல் யாரும் பயன்படுத்தலாம் என்று 2005-இலேயே நம் அரசு திறந்துவிட்டது. அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. பதினாறு வீடு உள்ள அடுக்ககத்தில் இதை எப்படிப் பிரித்துக்கொள்வது என்று சங்கக் கூட்டத்தில் யாரும் கேள்வி எழுப்பியதில்லை. கார் பார்க்கிங்கே இன்னும் முடியவில்லை.

5. பாஸ்வேர்டை வாய்மொழியாகப் பெறுங்கள்

ஆண்ட்ராய்டு 10 வந்ததிலிருந்து ஒரு வசதி இருக்கிறது. ஏற்கெனவே சேர்ந்திருக்கும் போனில் 'பகிர்' என்பதைத் தட்டினால் கட்டம் கட்டமாக ஒரு கியூஆர் படம் வரும். அதை உங்கள் போன் கேமராவில் காட்டினால் முடிந்தது. இதில் இன்னொரு போன் சம்பந்தப்படுகிறது. விதியை நினைவில் கொள்ளுங்கள்.

அதற்குப் பதில், நீங்கள் ஒரு அறையிலும் பாஸ்வேர்ட் தெரிந்தவர் இன்னொரு அறையிலுமாக இருந்து, நடுவே மிக்ஸி ஓடும்போது கேளுங்கள்.

"முதல் எழுத்து கே."

"பெரிய கே-யா, சின்ன கே-யா?"

"பெரிய கே."

"அப்புறம்?"

"ஏ."

"என்ன ஏ?"

"ஏ-ன்னா ஏ! அப்புறம் ஜீரோ."

"ஓ-வா ஜீரோவா?"

"ஆமா."

இந்த இடத்தில் மேற்கொண்டு கேட்காமல் அடித்துவிடுங்கள். முதல் எழுத்தைக் கீபோர்டு தானாகவே பெரிதாக்கும், அல்லது ஆக்காது. கடைசியில் ஓசையில்லாமல் ஒரு இடைவெளியும் சேர்த்துவிடும். பாஸ்வேர்ட் அடிக்கும் இடத்துக்குப் பக்கத்தில் கண் மாதிரி ஒரு படம் இருக்கிறதே, அதைத் தொட்டால் நீங்கள் அடித்தது அப்படியே தெரிந்துவிடும். தொடாதீர்கள். புள்ளிகளாகவே இருக்கட்டும். 'தவறான பாஸ்வேர்ட்' என்று வந்தால் அதையே மறுபடி அடியுங்கள், இன்னும் அழுத்தி. வைஃபை பாஸ்வேர்ட் குறைந்தது 8 எழுத்து, அதிகபட்சம் 63 வரை போகலாம். உங்கள் வீட்டில் அதைத் தேர்ந்தெடுத்தவர் குலதெய்வத்தின் பெயரையும் பையன் பிறந்த வருஷத்தையும் சேர்த்திருந்தால் போராட்டம் ரொம்ப நேரம் நிற்கும்.

6. சந்தேக நபர்களை வரிசைப்படுத்துங்கள்

முதல் இடம் பையனுக்கு. கதவைச் சாத்திக்கொண்டு கேம் ஆடுகிறான். "டேய், நீ எல்லாத்தையும் இழுத்துடற, அதான் எனக்கு வரல" என்று கதவுக்கு வெளியே நின்று சொல்லுங்கள். உள்ளே அவன் யாரோ வெளிநாட்டுக்காரனோடு தடையில்லாமல் பேசி, சுட்டு, ஜெயித்துக்கொண்டிருப்பது காதில் விழும். அது எதைக் காட்டுகிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் இந்தக் கட்டுரை இங்கேயே முடிந்துவிடும். யோசிக்காதீர்கள்.

இரண்டாவது, டிவியில் நேற்றைய சீரியலை இன்று பார்க்கும் அம்மா. மூன்றாவது, எதிர்வீட்டுக்காரர். போன தீபாவளிக்கு அவர் வீட்டு விருந்தாளிக்கு நீங்கள்தான் பாஸ்வேர்ட் கொடுத்தீர்கள். அன்றைய பெருந்தன்மைக்கு இன்று வருத்தப்பட முழு உரிமை உண்டு.

இப்போது கம்ப்யூட்டர் தெரிந்த மச்சானுக்குப் போன் போடுங்கள். எல்லாக் குடும்பத்திலும் ஒருவர் இருக்கிறார். "இன்னார் போனுக்கு மட்டும் அனுமதின்னு லிஸ்ட் போட்டுடலாம் மாமா, வேற எவனும் நுழைய முடியாது" என்பார். ஒவ்வொரு போனுக்கும் ஒரு நிரந்தர அடையாள எண் உண்டு என்பது அவர் படித்த காலத்துப் பாடம். ஆண்ட்ராய்டு 10-உம் ஐஓஎஸ் 14-உம் வந்த பிறகு போன்கள் ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு புனைபெயர் எண்ணைக் காட்டுகின்றன. மச்சான் உங்கள் போனின் நிஜ எண்ணைப் பட்டியலில் சேர்ப்பார்; போன் வாசலில் வந்து வேறு பெயரைச் சொல்லும்; பெட்டி கதவைச் சாத்தும். எதிர்வீட்டுக்காரரைத் தடுக்கப் போட்ட பட்டியலில் முதலில் மாட்டுவது நீங்கள்தான். மச்சானைத் திட்டாதீர்கள். அவர் பெண் கொடுத்த வீடு.

7. போனுக்குள் இறங்குங்கள்

போன வாரம் விளம்பரம் வராமல் செய்வது எப்படி என்று ஒரு வீடியோ பார்த்து, 'பிரைவேட் டிஎன்எஸ்' என்ற இடத்தில் எதையோ அடித்தீர்களே. ஒரு எழுத்து தவறினாலும் போதும், முகவரி கேட்டுப் போகிற ஆளையே போனால் கண்டுபிடிக்க முடியாது. வைஃபை சேரும், எந்தப் பக்கமும் திறக்காது. அதை மறந்துவிட்டீர்கள். நல்லது, மறந்தே இருங்கள்.

விபிஎன் ஒன்றும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டு மேட்ச் பார்க்கப் போட்டது. அதையும் விட்டுவிடுங்கள்.

கேமில் ஒரு உயிர் கூடுதலாகக் கிடைக்கும் என்று தேதியை மாற்றி வைத்தவர்கள் இருந்தால், உங்களுக்குத் தனி வணக்கம். பாதுகாப்பான இணையதளம் ஒவ்வொன்றும் இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும் என்று ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. உங்கள் போன் இரண்டு வருஷம் பின்னால் வாழ்ந்தால், இன்றைய சான்றிதழ் எல்லாம் இன்னும் பிறக்காத சான்றிதழ். ஒன்றையும் ஏற்காது.

இந்த மூன்றில் ஒன்றைச் சரிசெய்தால் போதும் என்று தோன்றும். கூடாது. 'நெட்வொர்க் அமைப்புகளை மீட்டமை' என்று ஒரு பொத்தான் இருக்கிறது. நேராக அங்கே போங்கள். ஆபீஸ், தங்கை வீடு, ஜிம், மாமனார் வீடு என்று சேர்த்து வைத்திருந்த வைஃபை பாஸ்வேர்ட் அத்தனையும் போகும். ப்ளூடூத் இயர்போன், கார், கைக்கடிகாரம் எல்லாம் உங்களை அடையாளம் தெரியாது என்று சொல்லிவிடும். மாமனார் வீட்டுப் பாஸ்வேர்டை மறுபடி கேட்க வேண்டி வரும்போது என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

8. வயர்களை ஒழுங்குபடுத்துங்கள்

பெட்டியின் பின்னால் மெல்லியதாக ஒரு வயர் வருகிறதே, அது வயரே அல்ல, கண்ணாடி இழை. பிளாஸ்டிக் உறைகளை உரித்தால் உள்ளே 125 மைக்ரான். அதிலும் ஒளி ஓடுவது நடுவில் சுமார் 9 மைக்ரானில். கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே கசிந்துவிடும். ஆகவே அதை எடுத்து அழகாகச் சின்ன வட்டமாகச் சுருட்டி, ரப்பர் பேண்ட் போட்டு, சுவரில் ஆணியடித்துத் தொங்கவிடுங்கள். மிச்சத்தைக் கதவிடுக்கு வழியாக விடுங்கள். காற்றுக்கு அடிக்கும் கதவாக இருந்தால் நல்லது.

பெட்டியில் 'எல்ஓஎஸ்' என்று எழுதிய விளக்கு இப்போது சிவப்பாக மினுக்கினாலும் மினுக்கும். வெளியிலிருந்து ஒளியே வரவில்லை என்று அதற்கு அர்த்தம். அப்படியானால் போனில் எதை நோண்டியும் பயனில்லை. சிவப்பு லட்சுமிகரமான நிறம். மேலே தொடருங்கள்.

அடாப்டர் பற்றியும் ஒரு வார்த்தை. பல பெட்டிகளுக்கு 12 வோல்ட் அடாப்டர். மேஜை இழுப்பறையில் பழைய மோடத்தினுடையது 9 வோல்ட்டில் ஒன்று கிடக்கும். இரண்டும் கறுப்பு, இரண்டின் பின்னும் ஒரே மாதிரி நுழையும். மாற்றிச் செருகுங்கள். விளக்கெல்லாம் எரியும், ஒரு நிமிஷம் யோசிக்கும், அணையும், மறுபடி எரியும். விளக்கு எரிகிறதே என்று யாரும் அடாப்டரைச் சந்தேகிக்க மாட்டார்கள். இந்தப் பட்டியலில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான் என்று ஒப்புக்கொள்கிறேன். சத்தமில்லாமல் வாரக்கணக்கில் வேலை செய்யும்.

9. கஸ்டமர் கேர்

தமிழுக்கு ஒன்றை அழுத்துங்கள். இருபது நிமிஷம் புல்லாங்குழல் கேளுங்கள். அந்த முனையில் ஒரு பெண் வருவார்.

"சார், ரூட்டரை ஒரு தடவை ஆஃப் பண்ணி, முப்பது செகண்ட் கழிச்சு ஆன் பண்ணுங்க."

சோபாவை விட்டு எழுந்திருக்காமல், "அதெல்லாம் பண்ணிட்டேம்மா" என்று சொல்லுங்கள். அப்படி அணைத்துப் போட்டாலே நிறையக் கோளாறு தீர்ந்துவிடும். அதனால்தான் முதலில் அதைக் கேட்கிறார்கள், அதனால்தான் நாம் செய்யக் கூடாது.

"எல்ஓஎஸ் லைட் என்ன கலர்ல இருக்கு சார்?"

"எல்லாக் கலரும் இருக்கு."

"வேற போன்ல வருதா சார்?"

கவனம். இந்தப் பெண் கெட்டிக்காரி. "அது எதுக்கும்மா? நான் மாசாமாசம் பணம் கட்டறேனா இல்லையா?" என்று பேச்சை உயரமான தளத்துக்குக் கொண்டுபோங்கள். இன்னும் கேட்டால் மேனேஜரைக் கேளுங்கள். புகார் எண் தருவார், அதைக் குறித்துக்கொள்ளாதீர்கள்.

வீட்டுக்கு வெளியே, உதாரணமாக ரயில் நிலையத்தில் இருப்பவர்களுக்குக் கஸ்டமர் கேர் கூடத் தேவையில்லை. 2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரலில் தொடங்கிய இலவச வைஃபை இன்று சின்ன ஸ்டேஷன்களிலும் இருக்கிறது. அங்கே 204-க்குப் பதில் வேறொரு பக்கம் வரும். உடனே போன் 'உள்நுழைய இங்கே தட்டவும்' என்று அறிவிப்புக் காட்டும். அதை விளம்பரம் என்று நினைத்து ஒதுக்கிவிடுங்கள். தப்பித்தவறித் தட்டிவிட்டால், வீட்டு மேஜையில் வைத்துவிட்டு வந்த இன்னொரு சிம்மின் நம்பரைக் கொடுங்கள். ஓடிபி பத்திரமாக வீட்டுக்குப் போய்ச் சேரும்.

10. கடைக்குக் கொண்டுபோங்கள்

சென்னைவாசிகள் ரிச்சி தெருவுக்குப் போகலாம். மற்ற ஊர்களில் பஸ் ஸ்டாண்ட் பக்கம் எங்கேயும் ஒரு கடை இருக்கும். கடைக்காரர் போனை வாங்கி, பின்பக்கம் தட்டிப் பார்த்து, "வைஃபை ஐசி போயிருக்கும் சார். போர்டைக் கழட்டி ஹீட் கொடுத்துப் பாக்கணும்" என்பார். அப்படியும் போகும், உண்மைதான். ஐசி போனால் பெரும்பாலும் வைஃபை பொத்தானே சாம்பலாகிவிடும், தொட்டாலும் அசையாது. உங்கள் பொத்தான் இரண்டாவது படியிலிருந்து இதுவரை உங்களிடம் பட்ட பாட்டில் ஒருமுறைகூட அசையாமல் இருந்ததில்லை. இதைச் சொல்லாதீர்கள்.

இனி வருவது கடினமான கட்டம். ஹீட் கொடுக்கும் முன் கடைக்காரர் சும்மா ஒரு பேச்சுக்கு உங்கள் போனைத் தன் கடை வைஃபையில் சேர்ப்பார். சேர்ந்துவிடும். யூடியூப் பாடும். அவரும் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். "வேற இடத்துல வருதே சார்... வீட்டுல மத்தவங்க போன்ல..." என்று இழுப்பார். கேள்வி முடிவதற்குள் பார்வையைச் சுவரில் தொங்கும் போன் கவர்கள் பக்கம் திருப்புங்கள். இரும்புத் தகடு பதித்ததாக ஒன்று வாங்குங்கள். டெம்பர்டு கிளாஸும் ஒட்டிக்கொள்ளுங்கள். வீட்டுக்கு வந்து, "போன் பக்கா கண்டிஷன், கடைக்காரரே சொல்லிட்டாரு" என்று அறிவித்து, எல்லோரும் பார்க்கப் பெட்டியின் பக்கம் திரும்புங்கள்.

11. ஊசி

பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை. பக்கத்தில் 'ரீசெட்' என்று இருக்கும். ஊக்காலோ, காதுத் தோட்டின் திருகாணியாலோ குத்தி, பத்து வரை எண்ணுங்கள். எல்லா விளக்கும் ஒருசேர அணைந்து எரியும். அந்த நொடியில் ஒரு நிறைவு வரும் பாருங்கள், அது வேறு எதிலும் வராது.

சும்மா அணைத்துப் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. இது பெட்டியைத் தொழிற்சாலையிலிருந்து வந்த நாளுக்குக் கொண்டுபோகும். உங்கள் வைஃபையின் பெயர் போகும். பாஸ்வேர்ட் போகும். மச்சானின் பட்டியலும் போகும், அது ஒன்றுதான் லாபம். பல இணைப்புகளில் பெட்டி வெளியே போக ஒரு யூசர் பெயரும் ரகசிய எண்ணும் உள்ளே எழுதி வைத்திருப்பார்கள், அதுவும் போகும். அது உங்களுக்குத் தெரியாது. ஏரியா கேபிள்காரருக்குத்தான் தெரியும். அவர் ஞாயிற்றுக்கிழமை போன் எடுக்க மாட்டார்.

டிவியில் சீரியல் உறையும். பையன் அறையிலிருந்து ஒரு அலறல் கேட்கும். கதவு திறக்கும். அன்றைக்கு முதல்முறையாகக் குடும்பம் முழுக்க ஹாலுக்கு வந்துவிட்டது.

12. தம்பி வந்த பிறகு

மறுநாள் பத்து மணிக்கு, லைனைச் சரிபார்க்க, முதுகில் பையோடு ஒரு தம்பி வருவார். துணியை விலக்குவார், குங்குமத்தை ஊதுவார், அடாப்டரைத் திருப்பிப் பார்ப்பார், சுவரில் தொங்கும் ரப்பர் பேண்ட் வட்டத்தைப் பார்ப்பார். ஒன்றும் சொல்ல மாட்டார். நல்ல தம்பி. காப்பி கொடுங்கள்.

"என்ன சார் ப்ராப்ளம்?"

"என் போன்ல வைஃபை வரல தம்பி."

"மத்தவங்க போன்ல வந்துச்சா?"

நீங்கள் வாயைத் திறப்பதற்குள் பையன் சொல்லிவிடுவான்: "எனக்கு நல்லாத்தான் வந்துச்சு, அப்பா ஊசியால குத்தற வரைக்கும்."

இதையும் சமாளிக்கலாம். "பெரியவங்க பேசும்போது குறுக்கே பேசாதே" என்ற வாக்கியம் இதற்காகவே ஏற்பட்டது. தம்பி லேப்டாப்பைத் திறந்து, யூசர் பெயரை அடித்து, இரண்டு நிமிஷத்தில் லைனைக் கொண்டுவந்துவிடுவார். பிறகு கடைசியாக ஒன்று கேட்பார்.

"சார், பழைய பேரும் பழைய பாஸ்வேர்டுமே வச்சிரட்டுமா? அப்படி வச்சா எல்லாம் தானா சேர்ந்துக்கும்."

உண்மைதான். பெயரும் பாஸ்வேர்டும் மாறாமல் இருந்தால் டிவி, கேமரா, பையனின் லேப்டாப், அம்மாவின் டேப்லெட், பால்கனி விளக்கு, ஏசி எல்லாமே ஒன்றும் நடக்காதது மாதிரி வந்து சேர்ந்துகொள்ளும். ஒரே மூச்சில் வீடு பழையபடி ஆகிவிடும். தம்பியின் விரல் கீபோர்டின் மேல் காத்திருக்கிறது. வீட்டார் எல்லோரும் உங்கள் முகத்தையே பார்க்கிறார்கள்.

"வேணாம் தம்பி. பழசு எதிர்வீட்டுக்குத் தெரியும். புதுசா, யாராலயும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி, நீளமா ஒண்ணு போடுங்க" என்று சொல்லுங்கள். எழுதி வைத்துக்கொள்ள அவர் பேனா நீட்டினால், "அதெல்லாம் ஞாபகம் இருக்கும்" என்று சொல்லி அனுப்பிவையுங்கள்.